திருப்பிக் கொடுத்த இரண்டு கிலோ

அன்று அவர் அதை ஒரே ஒரு தடவைதான் தூக்கினார்.

கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரத்தில், வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஒரு வீட்டின் முற்றம். வேப்பமர நிழலில் ஒரு சக்கர நாற்காலி. அதில் மாரிமுத்து அண்ணன். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத உடல். இடுப்புக்கு மேலே, மூட்டை தூக்கிப் பழகியவரின் அகன்ற மார்பு. வலது கையில் ஏழரைக் கிலோ நிறையுள்ள கறுப்பு டம்பெல். பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, அதைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மடியில் இறக்கிவைத்தார்.

முற்றத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இத்தொடரில் இதுவரை, பெரும்பாலும் மற்றவர்கள் எனக்குச் செய்தவற்றையே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் நான் இன்னொருவருக்குச் செய்ததை எழுத வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட கணவன் மனைவி இருவரிடமும் கேட்டுவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றும்படி மனைவி சொன்னார். கணவரோ, "பேரை மாத்தினாலும் ஸ்கந்தபுரத்தில ஆருக்குத் தெரியாது? எழுதுங்கோ மிஸ்" என்றார்.

நிறை என்ற கட்டம்

பட்டம் பெற்று, நீண்ட காத்திருப்பின் பின், பிரதேச செயலகம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த காலம். உடல் இயலாமையோடு வாழ்பவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுப் படிவத்தில் எழுதி வருவது என் பணி. வீட்டிலிருந்தே உடற்பயிற்சி செய்வதற்கான பொருள்களை வழங்கும் சிறிய திட்டம் ஒன்று அந்த ஆண்டு வந்தது. அதன் படிவத்தில் நான்கு கட்டங்கள்: பொருள், நிறை, எண்ணிக்கை, தெரிவுக்கான காரணம்.

மாரிமுத்து அண்ணனின் பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கேதான். பரந்தன் பக்கத்து அரிசி ஆலையொன்றில் மூட்டை தூக்கினார். போர்க்காலம் முழுவதும் அவர் உடம்பில் ஒரு கீறலும் விழவில்லை. எல்லாம் முடிந்து, மீளக் குடியேறி, புதிய வீட்டுக்குக் கூரையும் போட்ட பிறகு, லொறிக்குச் சாய்த்து வைத்த பலகையிலிருந்து நெல் மூட்டையோடு வழுக்கி விழுந்தார். முள்ளந்தண்டு முறிந்தது.

'காயத்தின் காரணம்' என்று கேட்கும் படிவங்கள் எங்கள் அலுவலகத்தில் நிறைய உண்டு. அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "ஷெல்லுக்குத் தப்பி நெல்லுக்கு விழுந்தவன் எண்டு எழுதுங்கோ, மிஸ்."

அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகளாக அவரைத் தூக்கியவர் அவருடைய மனைவி, சரசக்கா. மெலிந்த பெண். கணவருடைய அக்குள்களுக்குக் கீழே தன் இரு கைகளையும் கோத்து, அவர் நாடியைத் தன் தோளில் சாயவைத்து, ஒரு மூச்சில் எழுப்பித் திருப்பி இருத்துவார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அதிலிருந்து கழிவறைக் கதிரைக்கு, மறுபடி கட்டிலுக்கு. ஒரு நாளைக்கு ஆறு தடவை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் படிவத்தோடு போன அன்று சரசக்கா வைத்தியசாலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கர்ப்பப்பையை எடுக்கவேண்டும். இரண்டு மாதம் கழித்து நாள் குறித்திருந்தார்கள்.

"அது பரவாயில்லை, பிள்ளை. எடுத்துப்போட்டு மூண்டு மாசத்துக்கு ஒரு கேத்தில் தண்ணிக்கு மேல தூக்கக்கூடாதாம். நான் கேத்திலோ தூக்கிறனான்?"

மாரிமுத்து அண்ணனோடு ஆலையில் வேலை செய்த லிங்கம் என்பவர், வேலைக்குப் போகுமுன் காலையில் ஒருமுறையும், திரும்பும்போது ஒருமுறையும் வந்து தூக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். இடையில் நான்கு தடவைக்கு ஆள் இல்லை. எனவே இரண்டு மாதத்துக்குள் மாரிமுத்து அண்ணன் கட்டிலில் கைகளை ஊன்றித் தன் உடம்பைத் தானே எழுப்பி நாற்காலிக்கு மாறப் பழகவேண்டும். கைகளுக்கும் தோள்களுக்கும் பலம் வேண்டும். அதற்காகத்தான் டம்பெல்.

கடை

உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவரும் எங்கள் பக்கத்துக்கு மாதம் ஒருமுறைதான் வருபவருமான இயன்மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். என்னைவிட ஓரிரு வயது மூத்த பெண். நிதானமாகச் சொன்னார்:

"நல்ல யோசனை. ஆனா ஒண்டு சொல்றன், வடிவாக் கேளுங்கோ. கால் ஏலாத ஆளுக்குத் தோள்தான் கால். அது போனால் ஒண்டும் இல்லை. ரெண்டு கிலோவில தொடங்குங்கோ."

"அவர் முழு மூட்டை தூக்கின ஆள்."

"அது எப்ப? பன்னிரண்டு தரம் தூக்கச் சொல்லிப் பாருங்கோ. கடைசி ரெண்டு தரமும் கஷ்டமா இருக்கவேணும், ஆனா கை நடுங்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. எட்டுக்கு முதலே நடுங்கினால் நிறை கூட. பதினைஞ்சும் சும்மா போனால் நிறை காணாது. தோளுக்கு மேல தூக்கிறதெண்டா இன்னும் குறைக்கவேணும். நான் வந்து பாக்குமட்டும் ரெண்டைத் தாண்டவேண்டாம்."

அனைத்தையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, கடைசி வசனத்தின் கீழ் கோடும் போட்டேன்.

கிளிநொச்சியில் விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். வெற்றிக் கிண்ணங்கள் தூசியோடு அடுக்கியிருந்தன. புதிய இறப்பரின் வாசம். "உங்களுக்கோ, மிஸ்? பெண்பிள்ளையளுக்கு ரோஸ் கலரில அரைக்கிலோ கிடக்கு" என்றார் கடைக்காரர். இரண்டு கிலோச் சோடி கேட்டேன். ஆருக்கு என்றார். சொன்னேன்.

"ஆம்பிளையள் ஆரும் ரெண்டு கிலோ வாங்கிறேல்லை, மிஸ். இந்த ஏழரையையும் கொண்டுபோங்கோ. வேண்டாத சோடியைக் கிழமைக்குள்ள திருப்பித் தந்தாச் சரி."

இரண்டு சோடிகளையும் வாங்கிக்கொண்டேன். என் முதல் பிழை அது. தெரிவு செய்யும் உரிமை பயனாளிக்கே இருக்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இரண்டையும் அவர் முன் வைப்பதுதான் நியாயம் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

பஸ்ஸில் பை ஒவ்வொரு வளைவிலும் ஆசனத்தின் கீழே உருண்டது. நடத்துநர் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன மிஸ், அம்மியும் குழவியுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முற்றம்

நான் போய்ச் சேர்ந்தபோது லிங்கம் அங்கே இருந்தார். பையில் என்ன என்று பார்க்கப் இரு பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலியைச் சுற்றி வந்தார்கள். அன்று அதை ஒரு கொண்டாட்டமாகவே நினைத்தேன். அந்த முற்றத்துக்கு அத்தனை பேர் வந்து நீண்ட காலமாயிற்று.

முதலில் இரண்டு கிலோவை எடுத்துக் கொடுத்து, பன்னிரண்டு தடவை தூக்கும்படி சொன்னேன். அவர் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"என்ன மச்சான்," என்றார் லிங்கம், "பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிறியோ?"

முற்றம் முழுவதும் சிரித்தது. மாரிமுத்து அண்ணனும் சிரித்தார். ஆனால் கை நின்றுவிட்டது. அந்த நிறையை அவரால் பன்னிரண்டு தடவை தூக்க முடியுமா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

"மிஸ், அந்தப் பெரிசை எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். தூக்கினார். கைதட்டினோம்.

"இன்னொருக்கா, அண்ணன்?"

"காணும், மிஸ். பாத்தியள்தானே?"

"பாத்தம், பாத்தம்," என்றார் லிங்கம், நிறைந்த மனதோடு. "ஆள் இன்னும் முழு ஆள்தான்."

சரசக்கா குசினி வாசலில் நின்றார். கையில் தேநீர்த் தட்டு. என்னிடம் மட்டும் கேட்கும்படி, "சின்னதும் இருக்கட்டுமே, பிள்ளை" என்றார்.

ஒரு வீட்டுக்கு ஒரு சோடிதான் வழங்கலாம் என்ற விதியை அவருக்கு விளக்கினேன். பிறகு கதிரையில் அமர்ந்து படிவத்தை நிரப்பினேன். பொருள்: டம்பெல். நிறை: ஏழரைக் கிலோ. எண்ணிக்கை: இரண்டு. தெரிவுக்கான காரணம்: பயனாளியின் சொந்தத் தெரிவு.

மறுநாள் இரண்டு கிலோச் சோடியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் வாங்கித் துடைத்து, கிண்ணங்களுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்தார்.

அரை மூட்டை

இங்கே கொஞ்சம் விலகிச் செல்ல வேண்டியிருக்கிறது. இதை முன்பே அறிந்திருந்தால் அந்தக் கட்டத்தில் வேறு எண்ணை எழுதியிருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

அவர் வேலை செய்த ஆலையில், புதிதாக வருபவரை அளக்க ஒரு முறை இருந்தது. நெல் நிறைந்த ஒரு முழு மூட்டையைக் காட்டுவார்கள். அதை ஒருமுறை முதுகில் ஏற்றி, பலகையில் நடந்து, லொறிக்குள் போட்டுவிட்டால் ஆள் சேர்ந்தார். முடியாதவர் உமி கூட்டலாம், சாக்குத் தைக்கலாம். இவற்றுக்கு நடுவில் ஒரு படி அங்கே இல்லை. காய்ச்சலோடு வருபவரோ, இடுப்பு நோவுள்ளவரோ மூட்டையைப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுபோனால் 'அரை மூட்டை' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அது பிள்ளைகளுக்கும் தொடரும். 'அரை மூட்டையின்ர மகன்' என்று இன்றும் அழைக்கப்படும் ஒரு கடை முதலாளி பரந்தனில் இருக்கிறார்.

ஆக, அந்த மனிதர்களுக்குப் பலம் என்பது ஒரு தடவை. ஒருமுறை தூக்கியவர் தூக்கக்கூடியவர். சிறியதொன்றைப் பன்னிரண்டு தடவை தூக்குவதால் பலம் உண்டாகும் என்பதை அவர்கள் எங்கும் கண்டதில்லை.

எனக்கும் அது புதிதுதான். சிறுமியாக இருந்தபோது இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நடந்தோம். என் தோளில் ஒரு பள்ளிக்கூடப் பை. ஒவ்வொரு தரிப்பிலும் அம்மா அதைத் திறந்து ஏதாவது ஒன்றை வெளியே எடுத்து வைப்பார்: முதலில் சப்பாத்து, பிறகு அகராதி, பிறகு ஒரு சிறிய செம்பு. எதை இறக்கிவைப்பது என்று நிதானித்துத் தெரிவு செய்யப் பழகிய பிள்ளைகள் நாங்கள். எதைத் தூக்கத் தொடங்குவது என்ற கேள்வியை எங்களிடம் எவரும் கேட்டதில்லை.

பயிற்சி தொடர்கிறது

இரண்டு வாரம் கழித்து மீண்டும் போனேன். மாரிமுத்து அண்ணன் பகலில் படுத்திருந்தார். சளியும் தடிமனும் என்றார். அறையில் தைலத்தின் காரமான வாசம். தடிமனுக்கு நெஞ்சிலும் பூசுவார்கள்தானே என்று எண்ணிக்கொண்டேன். டம்பெல்கள் கட்டிலின் கீழே, ஒரு சாக்கின் மேல், சோடியாக இருந்தன.

"எத்தினை தரம் தூக்கிறியள், அண்ணன்?"

"நாலு, அஞ்சு. சில நாள் ஆறும் வரும்."

எட்டுக்கு முதலே நடுங்கினால் நிறை கூட. அந்த வசனம் என் கைப்பைக்குள், குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. நான் புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. சரசக்கா என் முகத்தைப் பார்க்காமல் தேநீரை வைத்துவிட்டுப் போனார்.

தோளில் பட்ட காயத்தை அவர் மறைத்தார். பத்தாவது நாள் காலையில், தோளுக்கு மேலே தூக்கும்போது உள்ளே ஏதோ சீலை கிழிவதுபோல் இருந்ததாம். சரசக்காவும் மறைத்தார்; சொன்னால் அந்த முற்றத்துக் கைதட்டல் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அந்த மாதம் இயன்மருத்துவர் வந்தபோது, "ஆள் நல்லாச் செய்யிறார்" என்று நானே அவரிடம் சொன்னேன். பட்டியலில் இருந்த மற்ற வீடுகளுக்கு அவர் போனார்.

என் அறிக்கையில் இரண்டு சொற்கள்: 'பயிற்சி தொடர்கிறது.'

ஒருக்காத்தான்

மாரிமழை தொடங்கியிருந்தது. சரசக்காவின் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். லிங்கம் சொன்னபடி காலையும் மாலையும் வந்தார். இடைப்பட்ட நேரத்தில் மாரிமுத்து அண்ணன் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. தன்னால் மாற முடியும், மனமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் பெருமழை. தெருவுக்குக் குறுக்கே வெள்ளம் பாய்ந்தது. லிங்கம் வரமுடியவில்லை. நண்பகல்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, மாரிமுத்து அண்ணன் தானே மாற முயன்றார். இடது கை ஊன்றியது. வலது கை ஊன்றவில்லை. பாதி உடல் கட்டிலிலும் பாதி சீமெந்து நிலத்திலுமாகச் சரிந்தார். தலை கட்டில் காலில் அடிபட்டு இரத்தம் வந்தது.

மழை இரைச்சலில் சரசக்கா கூப்பிட்டது வேலிக்கு அப்பால் எவருக்கும் கேட்கவில்லை.

நான் வைத்தியசாலைக்குப் போனபோது சரசக்கா இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தார். உதடுகள் வெளிறியிருந்தன. உள்ளே தையல் விட்டு, பின்னேரம் முழுவதும் இரத்தம் போயிருந்தது. உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று தாதி சொன்னார்.

"ஒரே ஒருக்காத்தான் தூக்கினனான், பிள்ளை" என்றார் சரசக்கா, நான் ஏதோ குற்றம் சொல்ல வந்தவள்போல.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்:

"அவர் மில்லில விழுந்த அண்டைக்குக் காய்ச்சல். சோறு கட்டிக் குடுக்கேக்க சொன்னனான், இண்டைக்கு மூட்டையைப் பிரிச்சுத் தூக்குங்கோ எண்டு. 'அரை மூட்டை எண்டு பேர் வைப்பாங்களடி' எண்டுட்டுப் போனவர்."

அதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

"ஏனக்கா அண்டைக்கு முத்தத்தில எனக்கு இதைச் சொல்லேல்லை?"

அவர் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"சொன்னனான், பிள்ளை. சின்னதும் இருக்கட்டும் எண்டு சொன்னனான்."

பொட்டு

இனி வாழ்நாள் முழுவதும் பாரம் தூக்கக்கூடாது என்று சரசக்காவுக்குச் சொல்லிவிட்டார்கள். மாரிமுத்து அண்ணனின் வலது தோளில் தசைநார் கிழிந்து, காலம் கடந்துவிட்டிருந்தது. பரிசோதித்த இயன்மருத்துவர் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "எத்தினை கிலோ?" சொன்னேன். தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

தூக்க ஆளில்லாத வீட்டில் மாரிமுத்து அண்ணனை வைத்திருக்க முடியாது. வவுனியாவிலுள்ள பராமரிப்பு இல்லம் ஒன்றில் இடம் கிடைத்தது. அந்தப் படிவத்தையும் நிரப்பியவள் நான்தான். தன் உடம்பைத் தானே மாற்றப் பழகிக்கொண்டால் வீட்டுக்குத் திரும்பலாம் என்பது நிபந்தனை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு கட்டிலையும் ஒரு நாற்காலியையும் சுற்றி வாழ்ந்த இருவர், ஓர் ஓட்டோவின் கதவருகே விடைபெற்றார்கள். இல்லத்து இளைஞர்கள் இருவர் அவரைத் தூக்கி உள்ளே இருத்தினார்கள். அவர்கள் குனிந்தபோது சரசக்காவின் கைகளும் தம்பாட்டில் முன்னே நீண்டன. பிறகு திரும்பி வந்து சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டன.

மாதத்தில் ஒருமுறை சரசக்காவோடு நானும் வவுனியாவுக்குப் போகத் தொடங்கினேன். முதல் தடவை போனபோது, மாரிமுத்து அண்ணன் இல்லத்துப் பூவரசின் கீழ் இருந்தார். மடியில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல். இயன்மருத்துவர் கொடுத்த புதிய முறை: வலது கையால் அதை முன்பக்கமாக, நெஞ்சளவு மட்டும் உயர்த்தவேண்டும். பன்னிரண்டு தடவை முடியாவிட்டால், முடியும்வரை தண்ணீரைக் குறைக்கவேண்டும்.

"எண்ணு பாப்பம்" என்றார் சரசக்காவிடம்.

இரண்டாவது தடவையிலேயே கை நடுங்கியது. சரசக்கா போத்தலை வாங்கி மூடியைத் திறந்தார். நிலத்தில் ஊற்றப்போகிறார் என்று நினைத்தேன்.

"வடிகட்டின தண்ணியை ஆரும் கீழ ஊத்துவினமோ?" என்று சொல்லி, மூன்று மிடறு குடித்துவிட்டுக் கொடுத்தார்.

நான்கு தடவை.

"இன்னும் கொஞ்சம் குடியன்."

குடித்தார். ஆறு தடவை. மறுபடி குடித்தார். ஏழு.

"வயிறு முட்டிப்போச்சு. நான் என்ன மாடோ?"

"அப்ப மிஸ்ஸும் குடிக்கட்டன். அவாவுக்கும் இதில பங்கு இருக்குத்தானே."

மாரிமுத்து அண்ணன் பகிடியாகத்தான் சொன்னார். நான் வாங்கிக் குடித்தேன். வெயிலில் சூடேறிய, பிளாஸ்டிக் வாசமடித்த தண்ணீர். மிடறு மிடறாக இறக்கினேன்.

சரசக்கா எண்ணினார். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று கஷ்டமாக வந்தது. பன்னிரண்டு அதைவிடக் கஷ்டமாக வந்தது. ஆனால் கை நடுங்கவில்லை. மூச்சையும் அவர் பிடிக்கவில்லை. இயன்மருத்துவர் தொலைபேசியில் எனக்குச் சொன்ன அந்த நிறையை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் பாதிக்கும் கீழே நின்றது.

"அரையும் இல்லை" என்றார். பிறகு, "லிங்கத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸ்."

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்:

"அண்டைக்கு நீங்கள் கொண்டுவந்த ரெண்டு கிலோ, அதை என்ன செய்தனீங்கள்?"

"கடையில திருப்பிக் குடுத்திட்டன், அண்ணன். இப்பவும் கிடக்கும். போய் வாங்கிக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம், மிஸ்." மடியிலிருந்த கையை இடது கையால் தூக்கி ஒழுங்காக வைத்துக்கொண்டார். "அது இப்ப எனக்குப் பாரம்."

சரசக்கா தன் நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டைச் சட்டென்று உரித்தெடுத்தார். போத்தலின் வெளிப்புறத்தில், தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒட்டினார்.

"என்ன விசர் வேலை இது? பொட்டை எடுத்துக்கொண்டு!" என்று பதறினார் அவர்.

"கத்தாதேங்கோ. உங்களிலதானே ஒட்டியிருக்கிறன்" என்றார் சரசக்கா. "வாற மாசம் நான் வரேக்க தண்ணி இதுக்கு மேல நிக்கவேணும்."

திரும்பும் பஸ்ஸில் சரசக்காவை யன்னலோரம் இருத்தினேன். புளியங்குளம் தாண்டியதும், யன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"ஒரு நாளைக்கு ஆறு தரம் கட்டிப்பிடிச்சனான், பிள்ளை. பாரமா இருக்கெண்டு எத்தினை நாள் ஏசியிருப்பன். இப்ப போய், விருந்தாளி மாதிரி எட்டத்தில கதிரையில இருந்திட்டு வாறன்."

நான் இப்போதும் அதே பணியில்தான் இருக்கிறேன். படிவத்தில் 'நிறை' என்ற கட்டத்தை முதல் நாளில் நிரப்புவதில்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்து, ஆளோடு தனியே இருந்து, பன்னிரண்டையும் எண்ணிய பிறகே எழுதுகிறேன். இதனால் மாரிமுத்து அண்ணனுக்கு எந்தப் பயனும் இல்லை.

மாதந்தோறும் வவுனியாவுக்குப் போகிறோம். சரசக்கா நெற்றியில் புதிய பொட்டோடு வருவார். போனதும் போத்தலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். ஆறாவது முறை போனபோது, போத்தலில் ஒட்டியிருந்த பொட்டின் சிவப்பு வெளுத்திருந்தது. தண்ணீர் அதே மட்டத்தில்தான் நின்றது.